கனிஷ்காவின் கல்லீரல்

படர்தாமரை அந்த வீட்டுக்குள் யாரால் வந்தது என்பதில் ஆளுக்கொரு கட்சியாக இருந்தார்கள். மாமனார் பாலுசாமிக்கு வாஷிங் மெஷின்மேல் சந்தேகம். எல்லார் துணியையும் ஒரே தொட்டியில் போட்டுச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பீடை வந்தது என்பார். மாமியார் மாசாணியம்மாள் மருமகள் போய்வந்த ஜிம்மைச் சொல்வார். மருமகள் கனிஷ்காவோ, தன் கணவன் கிருபாசங்கர் ஒர்க்‌ஷாப்பில் பகலெல்லாம் வியர்த்துவிட்டு, ஒரே துண்டை வாரம் முழுக்க வைத்துத் துடைத்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்தவள். இதில் விசேஷம் என்னவென்றால், கட்சி கட்டிய ஒருவரும் அதன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. 'அது' என்றுதான் சொல்வார்கள். "அது இப்ப எப்படி இருக்குதுங்க?" "அது கொஞ்சம் அடங்கியிருக்குது."

அது வந்திருந்த இடங்கள் அப்படி. இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே. கிருபாவின் தங்கை லோகப்பிரியாவுக்கு மட்டும் கழுத்திலும் ஒரு வட்டம் ஏறிவிட்டது. அவளுக்கு ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். தோல் வியாதி உள்ள வீடு என்று ஒரு சொல் வெளியே போனால் ஜாதகம் திரும்பி வந்துவிடும் என்று பாலுசாமி பயந்தார். தோல் டாக்டரிடம் போனால் காத்திருக்கும் இடத்தில் யாராவது சொந்தக்காரர் பார்த்துவிடுவார் என்பது அவருடைய அடுத்த பயம்.

ஆகவே மாசாணியம்மாள் தெருமுனை மெடிக்கல் கடைக்குப் போனார். கடைக்காரர் கதிரேசன் நல்ல மனுஷர். துடியலூரில் அந்தப் பகுதிக்கே பாதி டாக்டர் அவர்தான். முதலில் ஒரு ட்யூப் கொடுத்தார். பூசின மறுநாளே அரிப்பு அடங்கியது. ட்யூப் தீர்ந்த கையோடு வட்டம் இன்னும் அகலமாகத் திரும்பி வந்தது. அப்புறம் மாத்திரை கொடுத்தார். பூஞ்சையை உள்ளிருந்தே கொல்லும் மாத்திரை என்றார். பாலுசாமி மாத்திரையே தொடாத ஆள். கிருபா இரண்டு நாள் போட்டுவிட்டு மறந்துபோனான். ஒழுங்காகச் சாப்பிட்டது பெண்கள் மூன்று பேரும்தான். காலைக் காப்பியோடு மாசாணியம்மாளே ஆளுக்கொன்று எடுத்து வைத்துவிடுவார்.

கனிஷ்காவுக்குப் பீளமேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் கோளாறு எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவள் செய்வது. அப்படிப்பட்டவளுக்குத் தன் உடம்பின் கோளாறு பிடிபடவில்லை. ஒரு மாதம் கழிந்ததும் சோறு இறங்கவில்லை. தாளிக்கிற வாசம் வந்தாலே குமட்டியது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்காரத் தோன்றியது. சிறுநீர் டீ டிகாஷன் மாதிரிப் போனது. தண்ணீர் குறைவாகக் குடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும்விட அரிப்புதான் அவளை வதைத்தது. வட்டம் இல்லாத இடத்திலெல்லாம் அரித்தது.

"உடம்பெல்லாம் பரவீருச்சாட்ட இருக்குதுங்க அத்தை," என்றாள்.

மாசாணியம்மாள் கதிரேசனைப் போய்க் கேட்டார். கதிரேசன், அப்படியென்றால் மருந்து போதவில்லை, இனிமேல் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்றார். அன்றிலிருந்து கனிஷ்கா இரண்டாகப் போட்டாள்.

அவள் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் பார்த்தது ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரி ஹுமேரா. மதியம் கை கழுவுகிற இடத்தில் அவள் கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "கனி, கண்ணாடியே பாக்கறதில்லையா நீ?" என்றவள், மேனேஜரிடம்கூடச் சொல்லாமல் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் அவினாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். கிருபாவும் மாசாணியம்மாளும் வந்து சேர்ந்தபோது ரத்தம் எடுத்து, ரிசல்ட்டும் வந்திருந்தது.

கல்லீரல் டாக்டரின் பெயர் நஸ்ரியா. அதிகம் பேசாத அம்மாள். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "குடிப்பழக்கம் உண்டாம்மா?"

மாசாணியம்மாள் முந்திக்கொண்டார். "எங்க ஊட்டுல அந்தப் பேச்சே கிடையாதுங்க டாக்டரம்மா."

"அவங்களே சொல்லட்டுங்கம்மா."

கனிஷ்கா யோசிக்கவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மறைக்க என்ன இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவைங்க. ஆபீஸ்ல பெங்களூர் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. அரை கிளாஸ் பீர். கசந்துச்சு, வெச்சுட்டேன்."

மாமியாரின் கை தன் கைமேல் இருந்து மெல்ல விலகுவது அவளுக்குத் தெரிந்தது.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை," என்றார் நஸ்ரியா. "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? நாட்டு மருந்து?"

கிருபா சுவரைப் பார்த்தான். மாசாணியம்மாள் தரையைப் பார்த்தார். கனிஷ்கா கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "படர்தாமரைக்குங்க," என்றாள். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதும் ஏதோ ஒரு இறுக்கம் தளர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"யார் எழுதிக் குடுத்தாங்க?"

"யாரும் எழுதலைங்க. மெடிக்கல்ல வாங்கினது. ரெண்டு மாசமா. அரிப்பு ஜாஸ்தியானதுக்கு அப்பறம் ரெண்டு ரெண்டா."

"அரிப்பு எங்கெங்க? வட்டத்துல மட்டுமா?"

"உள்ளங்கைல, உள்ளங்கால்லகூட அரிக்குதுங்க."

டாக்டர் அட்டையைக் கீழே வைத்தார். "அது படர்தாமரை அரிப்பு இல்லைம்மா. கல்லீரல்ல இருந்து பித்தம் சரியா இறங்காம ரத்தத்துல தேங்கிட்டா இப்படி அரிக்கும். நிறுத்துன்னு உடம்பு சொல்லியிருக்கு. நீங்க இன்னொண்ணு சேத்துப் போட்டிருக்கீங்க. இந்த மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனா சிலருடைய கல்லீரலுக்கு ஒத்துக்காது. யாருக்கு ஒத்துக்காதுன்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனாலதான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரத்தம் பாக்கணும், நடுவுலயும் பாக்கணும். வீட்ல வேற யார் சாப்பிடறாங்க?"

"வேற யாரும் இல்லைங்க," என்றார் மாசாணியம்மாள்.

"அத்தையும் சாப்பிடறாங்க. நாத்தனாரும் சாப்பிடறாங்க," என்றாள் கனிஷ்கா.

"ரெண்டு பேரும் இன்னைக்கே நிறுத்துங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க."

மாசாணியம்மாள் தலையை ஆட்டினார்.

ஒரு வாரத்துக்கு மேல் கனிஷ்கா படுக்கையில் கிடந்தாள். வைரஸ் கிருமி எதுவும் இல்லை, பித்தப்பையில் கல் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு மாத்திரைதான் என்று முடிவு செய்தார்கள். ரத்தம் சரியாக உறைகிறதா என்று தினமும் பார்த்தார்கள். உறையாமல் போனால் என்ன ஆகும் என்று நர்ஸிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் இப்ப எதுக்குக்கா?" என்று பேச்சை மாற்றிவிட்டாள் அந்தப் பெண். இதற்குமுன் தன் கல்லீரல் வயிற்றில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட கனிஷ்கா நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது வலது விலாவுக்கு அடியில் கை வைத்துக்கொண்டே தூங்கினாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் ஒரு படி அதிகமாக இருந்தது. இரண்டாவது வாரத் தொடக்கத்தில் அளவுகள் இறங்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். முழுக்கச் சரியாக மாதக்கணக்கில் ஆகும் என்றார் நஸ்ரியா.

வீட்டுக்கு வந்தபோது செய்தி அவளுக்கு முன்னால் ஊரெல்லாம் போயிருந்தது. அதுவும் பாதிச் செய்திதான். பாலுசாமியின் அக்கா ராசாத்தாள் சென்னிமலையில் இருக்கிறார். சொந்தத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வாயால் போனால்தான் போய்ச் சேரும். மாசாணியம்மாள் போனில் அழுதபடி அவரிடம் டாக்டர் கேட்ட முதல் கேள்வியையும் மருமகளின் பதிலையும் சொல்லியிருந்தார். இரண்டாவது கேள்விக்கு வரவில்லை. கம்பெனியில் வேலை செய்கிற மருமகள், கல்லீரல், பெங்களூர். மூன்றையும் சேர்த்துக் கதை கட்ட ராசாத்தாளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

சாயங்காலம் பாலுசாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளெதிரே உட்கார்ந்தார். குரலில் கடுமை இல்லை. "கண்ணு, நான் உன்னைய நம்பறேன். ஆனா ஊரு நம்போணுமில்ல? வர்ற அமாவாசைக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போறோம். அக்கா, பங்காளியெல்லாம் வருவாங்க. அங்க கற்பூரத்தை அணைச்சு, ஒரு நாளும் அதைத் தொட்டதில்லீன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. எல்லார் வாயும் மூடிக்கும்."

"தொட்டிருக்கறேனுங்களே மாமா."

"அது அரை கிளாசு. சாமிக்குத் தெரியாதா?"

"சாமிக்குத் தெரியும்னா சத்தியம் எதுக்குங்க? நெசத்தைச் சொல்லீரலாமுங்களே. மாத்திரையால வந்துதுன்னு."

"எதுக்கு மாத்திரைம்பாங்க."

"படர்தாமரைக்குன்னு சொல்றது."

பாலுசாமி சட்டென்று லோகப்பிரியாவின் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "அடுத்த மாசம் ஈரோட்டுக்காரங்க பொண்ணு பாக்க வாராங்க கண்ணு. அந்தப் பேச்சு வெளிய போகவே கூடாது. நீ கொஞ்சம் பொறுத்துக்கோணும்."

அதாவது, குடித்தாள் என்ற பேரும் கூடாது, மாத்திரை என்ற உண்மையும் கூடாது. நடுவில் அவள் ஒரு பொய்ச் சத்தியத்தைச் செய்து இரண்டையும் மூடிவிட வேண்டும். கனிஷ்காவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. "நான் சத்தியம் பண்ண மாட்டனுங்க மாமா," என்றாள். "குடிச்சேன்னும் பண்ண மாட்டேன், குடிக்கலைன்னும் பண்ண மாட்டேன்."

அறைக்குள் கிருபா கெஞ்சினான். "ஒரு நிமிஷ வேலை கனி. சொல்லிட்டு வந்துரலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் தோளுக்கு மேலாக, திறந்திருந்த கதவு வழியே, அவளுக்குச் சாப்பாட்டு மேஜை தெரிந்தது. லோகப்பிரியா ஒரு கையில் பால் டம்ளரோடு, இன்னொரு கையால் அதே மாத்திரை அட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

கனிஷ்கா எழுந்தாள். எழுந்த வேகத்தில் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய் மாத்திரையை அவள் கையிலிருந்து எடுத்தாள்.

"நிறுத்தச் சொன்னாங்கல்ல?"

"அம்மா சொல்லவேயில்லீங்களே அண்ணி." லோகப்பிரியா கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். "பொண்ணு பாக்க வாரதுக்குள்ள இது போகோணும்னு ரெண்டாச் சாப்பிடச் சொன்னாங்க."

கனிஷ்கா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாசாணியம்மாள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த அடுப்பு அது.

மறுநாள் காலை கனிஷ்கா ஆட்டோவை வாசலுக்கே கூப்பிட்டாள். கிருபாவிடம், "உங்க அம்மாவையும் தங்கச்சியையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வாரீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க," என்றாள். அவன் ஒர்க்‌ஷாப் சாவியைப் பையில் போட்டுவிட்டுச் செருப்பு மாட்டினான். பாலுசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மஞ்சள் படிந்த கண்ணோடு மருமகள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். "அத்தை, வாங்க," என்றாள் கனிஷ்கா. மாசாணியம்மாள் மறுபேச்சில்லாமல் வந்து ஏறினார்.

ரிசல்ட் வரும்வரை லேபிலேயே காத்திருந்தார்கள். மாசாணியம்மாளுக்கு ஒன்றுமில்லை, அவர் கல்லீரல் அந்த மாத்திரையைச் சோற்றோடு சோறாகச் செரித்திருந்தது. லோகப்பிரியாவின் அளவுகள் ஏறியிருந்தன. பல மடங்கு. கண்ணில் மஞ்சள் இன்னும் படியவில்லை, அவ்வளவுதான். நஸ்ரியா போனில் சொன்னார்: "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா நீங்க கெடந்த படுக்கைலதான் இவங்களையும் கொண்டுவந்து படுக்க வெச்சிருப்பீங்க."

திரும்பும் வழியில் கனிஷ்கா ஆட்டோவை மெடிக்கல் கடை முன்னால் நிறுத்தச் சொன்னாள். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கதிரேசன், "வாங்கக்கா, உடம்பு எப்படியிருக்குதுங்க?" என்றார்.

"படர்தாமரைக்கு நீங்க குடுத்த மாத்திரையால கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரில கெடந்துட்டு வாரனுங்க. இப்ப என்ற நாத்தனாருக்கும் கெட்டிருக்குது."

கதிரேசன் குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்கக்கா. இந்த ஏரியாவுல பாதிப் பேருக்கு நான்தான் குடுக்கறேன். யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லைங்க."

"ஆனவங்க உங்ககிட்ட வந்து சொல்லியிருக்க மாட்டாங்க. டாக்டர் சீட்டு இல்லாம, டெஸ்ட் இல்லாம, ரெண்டு ரெண்டாப் போடச் சொன்னீங்களா இல்லீங்களா?"

"அம்மாதான் டாக்டர் வேண்டாம்னாங்க..."

"அவங்க வேண்டாம்னா நீங்க குடுத்துருவீங்களா? மருந்து ஆய்வாளர் ஆபீசுக்கு எழுதப்போறேன். உங்ககிட்டச் சொல்லாம எழுதக்கூடாதுன்னுதான் இறங்கினேன்."

கடையில் நின்றிருந்த ஒருவர், கையில் வாங்கியிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கல்லாமேல் மெதுவாக வைத்தார். ஆட்டோவுக்குள் மாசாணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது வெட்கத்தாலா, வேறெதனாலா என்று கனிஷ்கா பார்க்கவில்லை.

அமாவாசையன்று காலை ராசாத்தாள் காரெடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். கூடவே பங்காளி வீட்டுக்காரர் இரண்டு பேர். தட்டில் கற்பூரம், தேங்காய், பழம் எல்லாம் தயாராக இருந்தது. கனிஷ்கா நைட்டியோடு சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் வந்ததற்கு எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே கும்பிட்டாள்.

"இன்னும் கெளம்பலையா அம்மணி?" என்றார் ராசாத்தாள்.

"நான் வரலைங்க பெரியம்மா. எனக்குச் சத்தியம் பண்ற மாதிரி ஒண்ணுமில்ல. ஒரு தடவை அரை கிளாஸ் பீர் குடிச்சிருக்கறேன். அதை உங்ககிட்டயே சொல்றேன். எனக்குக் கல்லீரல் கெட்டது அதனால இல்ல. இந்த ஊட்ல எல்லாருக்கும் படர்தாமரை. வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டு டாக்டர்கிட்டப் போகாம மாத்திரை தின்னோம். அதனால கெட்டுது."

ராசாத்தாள் முகம் கறுத்தது. "என்ன பேச்சு பேசறா பாரு. கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு ஊட்ல இருக்கறப்ப, கிறுக்குப் புடிச்சவளாட்ட. குடிச்சதை மறைக்க ஒரு கதையா?"

அப்போது சமையலறை வாசலில் இருந்து மாசாணியம்மாள் வந்தார். அவர் நாத்தனாருக்கு எதிரே குரல் உயர்த்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. "கதை இல்லீங்க நங்கையா. மாத்திரை வாங்கியாந்து காப்பியோட குடுத்தது நான். அரிக்குதுன்னு சொன்னப்ப ரெண்டாக் குடுத்ததும் நான்."

"மெதுவாப் பேசு மாசாணி. வெளிய கேக்கும்."

"கேக்கட்டுமுங்க. லோகாவுக்கும் கல்லீரல்ல ஏறியிருக்குது. இவ இழுத்துட்டுப் போகலைன்னா எம்பட பொண்ணை நானே சாகக் குடுத்திருப்பேன்." சொல்லிவிட்டு சேலையின் இடுப்புப் பக்கத்தைச் சற்று விலக்கினார். கறுத்துச் சிவந்த வட்டம், உள்ளங்கையளவு. "இந்தக் கண்றாவிக்குத்தான் இத்தனையும். பாத்துக்கோங்க."

பங்காளிகள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். பாலுசாமி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கற்பூரத் தட்டு அப்படியே இருந்தது. காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று கிருபா சொல்லச் சொல்ல ராசாத்தாள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஈரோட்டுக்காரர்கள் பெண் பார்க்க வரவில்லை. தரகரிடம் ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று சொல்லி அனுப்பினார்கள். கனிஷ்காவுக்கு மனசு கனத்துத்தான் போனது. லோகப்பிரியாவிடம் போய் உட்கார்ந்தாள். "என்னால போச்சுன்னு நெனைக்கறயா லோகா?"

லோகப்பிரியா அன்று மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். "அரிக்குதுன்னு சொன்னதுக்கே ஓடறவங்க, நாளைக்குப் பெருசா எதாச்சும் வந்தா என்னங்க அண்ணி பண்ணுவாங்க?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். கனிஷ்கா அவளை அழ விட்டாள்.

கதிரேசன் கடைக்கு ஆய்வாளர் வந்து போனதாகக் கேள்வி. கொஞ்ச காலம் சீட்டில்லாமல் அந்த மாத்திரை தரமுடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் என்ன ஆனது என்று கனிஷ்காவுக்குத் தெரியாது. சென்னிமலைப் பக்கம் அவளைக் குடிகார மருமகள் என்று இன்னும் பேசுகிறார்களாம். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். மாதங்கள் போக மஞ்சள் இறங்கியது; பருப்புக்குத் தாளிக்கும் வாசத்தில் பசி எடுத்த அன்று, ஹுமேராவுக்குப் போன் செய்து சொன்னாள். கடைசி ரத்தப் பரிசோதனையில் ஒரே ஒரு அளவு மட்டும் கோட்டுக்கு மேலே இருந்தது. அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் நஸ்ரியா.

படர்தாமரைக்குக் குடும்பமே சேர்ந்து தோல் டாக்டரிடம் போனார்கள். கனிஷ்காவுக்கும் லோகாவுக்கும் பூசுகிற மருந்து மட்டும்தான். எல்லாரும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும், துணியைத் தனித்தனியாக வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட வேண்டும் என்றார் டாக்டர். அந்த வீட்டில் பெண்களின் உள்துணி காலங்காலமாகக் குளியலறைக் கொடியில், மேலே ஒரு துண்டைப் போர்த்தி, ஈரத்திலேயே காய்ந்து வந்தது. கனிஷ்கா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். தெருவைப் பார்த்த பக்கம், உச்சி வெயில் விழுகிற கொடியில், ஒவ்வொன்றாக உதறிப் போட்டுக் கிளிப் மாட்டினாள்.

மாசாணியம்மாள் மூச்சு வாங்க ஏறி வந்தார். எதிர்வீட்டு பால்கனியில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தார். "உள்பாவாடையையாவது அந்தப் பின்னாடிக் கொடியில போடு கண்ணு."

"அங்க வெயிலு படாதுங்க அத்தை," என்றாள் கனிஷ்கா.

மாமியார் அந்தப் பால்கனியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து பக்கெட்டிலிருந்து தன்னுடையதை எடுத்து, பிழிந்து, முன்கொடியிலேயே விரித்தார்.